நெருப்பா, துப்பாக்கியா? ‘சூப்பர்மேன் 2’ படத்தில் லோயிஸ் உண்மையைக் கண்டுபிடிக்கும் காட்சி

கேள்வி இதுதான்: ‘சூப்பர்மேன் 2’ படத்தில் கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்று அவனோடு வேலை பார்க்கும் நிருபர் லோயிஸ் லேன் கண்டுபிடிக்கும் காட்சி, ஒரு பிரதியில் ஒரு மாதிரியும் இன்னொரு பிரதியில் வேறு மாதிரியும் இருக்கிறது. ஒன்றில் கிளார்க் தடுக்கி விழுந்து கையை நெருப்பில் வைத்துவிடுகிறான். இன்னொன்றில் லோயிஸ் அவனைத் துப்பாக்கியால் சுடுகிறாள். எது அசல், எது மேல், ஏன் இப்படி ஆயிற்று?

இரண்டுமே அசல்தான். தியேட்டரில் ஓடியது நெருப்புக் காட்சி. ஆனால் முதலில் எழுதப்பட்டது துப்பாக்கிக் காட்சி. எது மேல் என்பதற்கு ஒரே வரியில் பதில் சொன்னால் அது பாதிப் பதிலாகத்தான் இருக்கும். காரணம், இவை ஒரே காட்சியின் நீளமான வடிவமும் குட்டையான வடிவமும் அல்ல. ரகசியத்தை உடைப்பது யார் என்ற கேள்விக்கு இரண்டும் நேரெதிர் பதில் சொல்கின்றன. அந்தப் பதில் மாறியதால் அதற்குப் பின்னால் வரும் பாதிப் படமும் மாறிவிடுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977 இல் ரிச்சர்ட் டானர் இரண்டு சூப்பர்மேன் படங்களையும் ஒரே நேரத்தில் எடுக்கத் தொடங்கினார். தயாரிப்பாளர்கள் சால்கிண்ட் குடும்பத்தார். ஒரே படப்பிடிப்பில் இரண்டு படம் எடுப்பது அவர்களுக்குப் புதிதல்ல. ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ கதையை அப்படித்தான் இரண்டாக வெளியிட்டு, ஒரு படத்துக்குச் சம்பளம் வாங்கிய நடிகர்களின் கோபத்தையும் சம்பாதித்தார்கள். இங்கே செலவு ஏறியது, டானருக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஒரு கட்டத்தில் இரண்டாவது படத்தை அப்படியே நிறுத்திவிட்டு முதல் படத்தை முடித்தார்கள். 1978 டிசம்பரில் அது வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. அதற்குப் பிறகும் டானரைத் திரும்ப அழைக்கவில்லை. இரண்டாவது படத்தில் முக்கால் பங்கு அவர் எடுத்துவிட்டிருந்தார் என்பார்கள். மிச்சத்தை எடுக்கவும், எடுத்ததில் பலவற்றை மாற்றி எடுக்கவும் வந்தவர் ரிச்சர்ட் லெஸ்டர், அந்த மஸ்கட்டியர் படங்களின் இயக்குநர். லெஸ்டர் பெயரில் 1980 டிசம்பரில் சில நாடுகளிலும், 1981 ஜூனில் அமெரிக்காவிலும் படம் வந்தது. டானர் எடுத்ததைத் தேடிப் பிடித்து, எடிட்டர் மைக்கேல் தாவ் கோர்த்துக் கொடுத்த ‘ரிச்சர்ட் டானர் கட்’ 2006 நவம்பரில் டிவிடியாக வந்தது.

இப்போது காட்சிக்கு வருவோம். சூழல் இரண்டிலும் ஒன்றே. நயாகராவில் தேனிலவுத் தம்பதிகளிடம் நடக்கும் ஏமாற்று வேலையை எழுத, கிளார்க்கும் லோயிஸும் புதுமணத் தம்பதிபோல நடித்துக்கொண்டு ஒரு ஓட்டலில் தங்குகிறார்கள். அறை முழுக்க அசட்டு அலங்காரம். லோயிஸுக்கு ஏற்கனவே சந்தேகம் வந்துவிட்டது.

லெஸ்டரின் வடிவத்தில் லோயிஸ் முதலில் நயாகரா ஆற்றில் குதிக்கிறாள். அவன் சூப்பர்மேன் என்றால் உடை மாற்றிக்கொண்டு பறந்து வந்துதானே ஆகவேண்டும்? கிளார்க் கரையிலேயே நின்றுகொண்டு, பார்வையின் வெப்பத்தால் ஒரு மரக்கிளையை அறுத்துத் தண்ணீரில் விழவைக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் தப்புகிறாள். சோதனை தோற்றது. அவமானத்தோடும் ஈரத்தோடும் அறைக்கு வருகிறாள். கேள்வியைக் கைவிட்டுவிட்டாள் என்றே சொல்லலாம். அப்போதுதான் கிளார்க் அந்த இளஞ்சிவப்புக் கரடித்தோல் விரிப்பில் கால் தடுக்கி விழுகிறான். கை கணப்பு நெருப்புக்குள் போகிறது. பதறிப்போய் அவள் கையைப் பிடித்துப் பார்க்கிறாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

அடுத்து நடப்பதை நிதானமாகப் பாருங்கள். கிறிஸ்டோபர் ரீவ் வசனத்தால் ஒப்புக்கொள்வதில்லை. கூன் விழுந்த முதுகு நிமிர்கிறது, கண்ணாடி கழல்கிறது, குரல் இறங்குகிறது. எந்த தந்திரக் காட்சியும் இல்லாமல் ஒரு ஆள் இன்னொரு ஆளாகிறார். பிறகு, எப்படி இப்படித் தடுக்கி விழுந்தேன் என்று அவன் குழம்பும்போது, உன் புத்தி விரும்பாமல் இருக்கலாம், உன் மனசு விரும்பியிருக்கும் என்கிற பொருளில் அவள் சொல்கிறாள். உலகத்தில் எதிலுமே தடுக்காதவன் ஒரு விரிப்பில் தடுக்கினான் என்பதற்குப் படம் தரும் விளக்கம் அதுதான்.

டானரின் வடிவம் இந்த ஏற்பாட்டையே தலைகீழாக்குகிறது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, இருவரும் வேலை பார்க்கும் டெய்லி பிளானட் பத்திரிகை அலுவலகத்தில் லோயிஸ் ஒரு செய்தித்தாளை எடுக்கிறாள். சூப்பர்மேன் படத்தின்மேல் பேனாவால் ஒரு கண்ணாடி, ஒரு தொப்பி, ஒரு கோட்டு வரைகிறாள். நிமிர்ந்து எதிரே இருப்பவனைப் பார்க்கிறாள். முடிந்தது. ஒரு பத்திரிகைக்காரி துப்பறிவதை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியாது. உடனே பந்தயம் கட்டுவதுபோல ஜன்னல் வழியாக வெளியே குதித்துவிடுகிறாள். கிளார்க் கண்மூடித் திறப்பதற்குள் தெருவுக்கு ஓடி, மூச்சை ஊதி அவள் விழும் வேகத்தைக் குறைத்து, கடை ஒன்றின் மேற்கூரைத் துணியை வெப்பப் பார்வையால் விரியவைக்கிறான். அவள் அதில் பட்டுத் துள்ளிப் பழக்கடைமேல் விழுகிறாள். நிமிர்ந்து பார்த்தால் கிளார்க் மேலே ஜன்னலில் நின்று கவலையோடு எட்டிப் பார்க்கிறான்.

ஆனால் இவள் விடுவதில்லை. நயாகரா ஓட்டலில் துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறாள். முதல் தடவை என் உயிரைப் பணயம் வைத்தேன், தோற்றேன். இந்தத் தடவை உன் உயிர் என்பதுதான் கணக்கு. சுடுகிறாள். அவன் விழவில்லை. மெல்ல நிமிர்கிறான். நீ நினைத்தது தவறாக இருந்திருந்தால் கிளார்க் கென்ட் செத்திருப்பானே என்று கண்டிக்கும் குரலில் சொல்கிறான். வெற்றுத் தோட்டாவாலா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். சத்தம் மட்டும் வரும், குண்டு வராது. மாட்டிக்கொண்டான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் முதல் படத்தோடு இருக்கும் கணக்கு. அங்கே ஒரு சந்தில் வழிப்பறிக்காரன் ஒருவன் சுடும்போது கிளார்க் லோயிஸை மறைத்துக்கொண்டு, பறந்து வரும் குண்டைக் கையால் பிடித்துவிட்டு மயங்கி விழுந்ததுபோல நடிப்பான். அவள் அதைப் பார்க்கவில்லை. குண்டு இருந்தது நமக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவது படத்தில் அதே இருவர், மறுபடி ஒரு துப்பாக்கி. இந்தத் தடவை குண்டே இல்லை, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் படத்தில் அவன் அவளை ஏமாற்றிய அதே ஆயுதத்தால் அவள் அவனை ஏமாற்றுகிறாள். இரண்டு படங்களையும் ஒரே திரைக்கதையாக வைத்து யோசித்தவர்களுக்குத்தான் இப்படி எழுத வரும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. சுவரை ஊடுருவிப் பார்க்கிறவனுக்குத் துப்பாக்கியில் இருப்பது வெற்றுத் தோட்டா என்று தெரியாதா? பறக்கும் குண்டைப் பிடித்தவனுக்கு, எதுவுமே பறந்து வரவில்லை என்பது தெரியாதா? தெரிந்திருக்கவேண்டும். எழுத்தில் விழுந்த ஓட்டை என்று இதை ஒதுக்கலாம். நான் அப்படிப் பார்ப்பதில்லை. அவன் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்க விரும்பவில்லை. பிடிபடக் காத்திருந்தவன் அவன். லெஸ்டர் படத்தில் லோயிஸ் வாய்விட்டுச் சொல்லும் அந்த ‘மனசு விரும்பியிருக்கும்’ என்பது இங்கே சொல்லப்படாமலே நடக்கிறது. நேரெதிர் என்று சொன்னேனே, அடியாழத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான்.

ஆனால் லோயிஸைப் பொறுத்தவரை வித்தியாசம் பெரிது. லெஸ்டரிடம் அவள் முயன்று தோற்கிறாள், பிறகு விடை தானாக மடியில் வந்து விழுகிறது. டானரிடம் அவள் முயன்று தோற்று, மறுபடி முயன்று ஜெயிக்கிறாள். நிருபரான ஒரு பாத்திரத்துக்கு இரண்டாவதுதான் நியாயம். எழுத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் எனக்குத் தயக்கமே இல்லை, துப்பாக்கிதான்.

சரி, அப்படியானால் நடிப்பை வைத்து? இங்கேதான் பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. 2006 வடிவத்தில் நீங்கள் பார்க்கும் துப்பாக்கிக் காட்சி, படத்துக்காக எடுக்கப்பட்ட காட்சியே அல்ல. அது ஸ்கிரீன் டெஸ்ட். வேடத்துக்கு ஆள் தேர்வு செய்யும்போது எடுத்துப் பார்த்த ஒத்திகை. அந்தக் காட்சியை முறையாக எடுப்பதற்கு முன்பே டானர் வெளியே போய்விட்டார். அதனால் ரீவ் தேர்வானபோது எடுத்த டெஸ்ட்டையும், லோயிஸ் வேடத்துக்கு மார்கட் கிட்டரைச் சோதித்தபோது எடுத்த டெஸ்ட்டையும் கலந்து ஒரே காட்சியாக ஒட்டியிருக்கிறார்கள். ரீவின் டெஸ்ட்டில் எதிரே லோயிஸாக நடித்தவர் வேறொரு நடிகை என்பதால், அவனைக் காட்டும் ஷாட் ஒரு நாளிலும் அவளைக் காட்டும் ஷாட் இன்னொரு நாளிலும் எடுத்தவை.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், ஒட்டு தையல் எல்லாம் கண்ணில் படும். ஒரு ஷாட்டில் கிளார்க் ஒல்லிக்குச்சி, அடுத்த ஷாட்டில் தோள் அகன்றிருக்கிறது. தேர்வான பிறகுதான் ரீவ், டேவிட் பிரவுஸிடம் பயிற்சி எடுத்து உடம்பை ஏற்றினார். டார்த் வேடர் உடைக்குள் இருந்தாரே, அதே பிரவுஸ்தான். தலைமுடி மாறுகிறது, கண்ணாடியின் சட்டம்கூட மாறுகிறது. அரங்கமும் தற்காலிகமானது.

ஆகவே லெஸ்டரின் நெருப்புக் காட்சியையும் டானரின் துப்பாக்கிக் காட்சியையும் பக்கத்தில் வைத்து ‘இயக்கத்தில்’ எது மேல் என்று கேட்பது, கட்டி முடித்த வீட்டையும் வரைபடத்தையும் ஒப்பிடுவது மாதிரி. அப்படியும் அந்த ஒத்திகை உயிரோடு இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். வேடம் இன்னும் கைக்கு வராத ஒரு புதுமுக நடிகர், கொஞ்சம் பதற்றத்தோடு, ஒரே எடுப்பில் கிளார்க்கிலிருந்து சூப்பர்மேனுக்கு மாறுகிறார். அந்தப் பதற்றம் பிடிபட்டவனின் பதற்றமாகவே பொருந்திவிடுகிறது.

மாற்றத்தின் நேர்த்தியை மட்டும் பார்த்தால் லெஸ்டர் காட்சியில் ரீவ் பல படி மேலே போய்விட்டார். அதற்குள் அந்த வேடத்தில் வருடக்கணக்காக வாழ்ந்திருக்கிறார். ஆனால் இந்த இரண்டையும் விட, அவர் இதைச் சிறப்பாகச் செய்த இடம் முதல் படத்தில் இருக்கிறது. லோயிஸின் வீட்டில் அவள் உள்ளே போன நேரம் பார்த்து, கிளார்க் கண்ணாடியைக் கழற்றி, நிமிர்ந்து, உண்மையைச் சொல்ல வாயெடுப்பான். பிறகு தைரியம் போய், ஒரு பெருமூச்சில் பழையபடி சுருங்குவான். வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் போவதும் வருவதும் தெரியும். இரண்டாவது படத்தின் எந்த வடிவத்தைப் பார்ப்பதற்கு முன்பும் அதைப் போட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளும் காட்சிக்கு உண்மையான ஆரம்பம் அங்கேதான்.

ஒளிப்பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டானர் எடுத்த பகுதிகளுக்கு ஜெஃப்ரி அன்ஸ்வொர்த், ஓரங்கள் கரைந்த மென்மையான வெளிச்சம். அவர் 1978 இல் காலமானார். லெஸ்டர் பகுதிகளுக்கு பாப் பெய்ன்டர், வெளிச்சம் தட்டையாகவும் நிறம் பளிச்சென்றும் இருக்கும். காமிராவை அதிகம் நகர்த்தாமல், ஒன்றுக்கு மேற்பட்ட காமிராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுப்பது லெஸ்டரின் பழக்கம். காமிக்ஸ் கட்டம்போலத் தெரியவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த ஓட்டல் அறைக்கு அது பொருந்தவும் செய்கிறது. இசையில் ஜான் வில்லியம்ஸ் திரும்பி வரவில்லை. அவர் மெட்டுகளை வைத்து கென் தார்ன் அமைத்தார். டானர் கட்டில் வில்லியம்ஸின் முதல் படத்துப் பதிவுகளையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம், இந்த ஒரு காட்சி மாறியதால் பின்னால் என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும். உண்மை தெரிந்ததும் சூப்பர்மேன் அவளைப் பனிக்கோட்டைக்கு, அதாவது இறந்துபோன பெற்றோரின் பதிவுருவங்களோடு அவன் பேசும் மறைவிடத்துக்கு, கூட்டிப் போகிறான். அவளுக்காகச் சக்தியைத் துறக்கிறான். லெஸ்டரிடம் அவன் அனுமதி கேட்பது தாயிடம், அதாவது சூசன்னா யார்க் நடித்த லாராவிடம். டானர் எடுத்ததில் அது தந்தை ஜோர்-எல், மார்லன் பிராண்டோ. முதல் படத்துக்கே 37 லட்சம் டாலரும் வசூலில் பங்கும் பேசியிருந்த பிராண்டோவுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வழக்காகிவிட, இரண்டாவது படத்திலிருந்து அவர் காட்சிகளைத் தூக்கிவிட்டார்கள். 2006 இல் வந்த ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துக்காக அவர் காட்சிகளின் உரிமை பேசி முடிக்கப்பட்டது. அதன் பலனாகத்தான் டானர் கட்டும் சாத்தியமானது.

தாயிடம் கேட்பது வேண்டுகோளாக இருக்கிறது. தந்தையிடம் கேட்பது சண்டையாக இருக்கிறது. வரிசையும் மாறியிருக்கிறது. லெஸ்டரிடம் முதலில் சக்தியைத் துறக்கிறான், பிறகு இருவரும் சேர்கிறார்கள். டானரிடம் முதலில் சேர்ந்துவிடுகிறார்கள். அவனுடைய அந்த நீல மேல்சட்டையை மாட்டிக்கொண்டு லோயிஸ் ஒதுங்கி நின்று பார்க்க, ஜோர்-எல்லின் உருவம் அவளை ஒரு பார்வை பார்க்கிறது. மருமகளைப் பிடிக்காத மாமனார் பார்வை அது, வேறு என்ன சொல்ல. துப்பாக்கியைத் தூக்கி நீட்டிய லோயிஸுக்கு அந்தப் பார்வை பொருந்துகிறது. அவனைக் கீழே இழுத்தவள் அவள்தான் என்று அந்தத் தகப்பன் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நெருப்புக் காட்சி லோயிஸை அப்படி யாரும் குற்றம் சொல்ல முடியாது, அவள் சும்மாதான் இருந்தாள்.

இதன் தொடர்ச்சி, வில்லன்களை எதிர்க்க அவன் சக்தியைத் திரும்பப் பெறும் இடம். லெஸ்டரிடம் அவன் பாழடைந்த கோட்டைக்குத் திரும்பி, மிச்சமிருக்கும் பச்சைப் படிகத்தைக் கண்டெடுக்கிறான், அத்தோடு காட்சி நகர்ந்துவிடுகிறது. அடுத்து வந்து சேரும்போது சக்தி இருக்கிறது. டானரிடம் ஜோர்-எல் தன்னிடம் எஞ்சியிருக்கும் ஆற்றல் முழுவதையும் மகனுக்குக் கொடுத்துவிட்டு நிரந்தரமாக மறைகிறார். மகன் தந்தையாவான், தந்தை மகனாவார் என்று முதல் படத்தில் சொன்னது இங்கே நடந்தேறுகிறது. இரண்டு படங்களுக்குமாகச் சேர்த்து டானர் எடுத்ததிலேயே மிகப் பெரிய இழப்பு இந்தக் காட்சி தியேட்டருக்கு வராமல் போனதுதான்.

ஆனால் முடிவில் நான் கட்சி மாறிவிடுவேன். உலகத்தைத் திருப்பிச் சுற்றிக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் முடிவு முதலில் இரண்டாவது படத்துக்காக யோசித்தது. முதல் படத்தைப் பலமாக முடிக்கவேண்டும் என்று அதை அங்கே கொண்டுபோனார்கள். இரண்டாவதுக்குப் புதிய முடிவு யோசிக்கும் நிலையில் டானர் இல்லை. 2006 இல் வேறு வழியில்லாமல் அதே காலச் சுழற்சியை மறுபடி போட்டார்கள். விளைவு, லோயிஸ் ஜெயித்த அந்தத் துப்பாக்கிக் காட்சி நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. போதாததற்கு, காலம் திரும்பிய பிறகும் கிளார்க், சக்தி இல்லாதபோது ஒரு உணவகத்தில் தன்னை அடித்தவனை அங்கேயே போய்ப் பழிவாங்குகிறான். இன்னும் அடிக்காதவனை எதற்கு அடிப்பது?

லெஸ்டரிடம் ஒரு முத்தத்தில் அவள் எல்லாவற்றையும் மறக்கிறாள். முத்தத்தால் மறதி வருவது அபத்தம்தான். ஆனால் அதற்கு முன்னால் அலுவலகத்தில் லோயிஸ் தூங்காத கண்களோடு, உன்னை உலகத்தோடு பங்குபோட்டுக்கொள்ள எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் கிட்டர் மொத்தப் படத்திலும் சிறப்பாக நடித்திருக்கிறார். முக்கியமாக, அங்கே நடந்தது நடந்ததுதான். அவள் மறந்தாள், அவன் மறக்கவில்லை. ஞாபகத்தைத் தனியாகச் சுமப்பவன் ஒருவன் மிஞ்சுகிறான்.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 1984 இல் அமெரிக்காவின் ஏபிசி, லெஸ்டர் படத்தில் சில நிமிடக் காட்சிகளைக் கூடுதலாகச் சேர்த்து ஒளிபரப்பியது. சூப்பர்மேனிடம் தோற்ற வில்லன்களைப் பனிப் பிரதேசத்தில் காவலர்கள் கைதுசெய்து கூட்டிப்போவது அதில்தான் வருகிறது. தியேட்டர் வடிவத்தில் அவர்கள் கதி என்ன என்று தெரியாது. ஆனால் நீங்கள் கேட்ட காட்சி அதிலும் நெருப்புதான். துப்பாக்கியைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக ஞாபகம் என்றால், அது 2006 க்குப் பிந்தைய ஒளிபரப்பாகத்தான் இருக்கும்.

பார்க்கும் வரிசை என்று கேட்டால், முதல் படம், பிறகு லெஸ்டர், கடைசியாக டானர். டானர் கட் தனியாக நிற்கும் படமல்ல. நடுவில் லெஸ்டர் எடுத்த ஷாட்டுகளும் இருக்கின்றன. நயாகரா வேலியிலிருந்து விழும் சிறுவனைக் காப்பாற்றும் காட்சி அவர் எடுத்தது. எது மாற்றப்பட்டது என்று தெரிந்தவருக்குத்தான் அது முழுசாகப் புரியும். முதல் படத்தின் டிவிடியில் ஸ்கிரீன் டெஸ்ட் காட்சிகள் தனியாகவும் இருக்கின்றன. துப்பாக்கிக் காட்சியைப் பார்த்த கையோடு அதையும் போட்டால், எந்த ஷாட் எந்த நாளுடையது என்று நீங்களே பிரித்துவிடலாம்.